தகவலாளர் எண் ஏழு

ஜன்னலை அடைக்காதீர்கள் அக்கா, காற்று வரட்டும். உங்களுக்கு ஒரு கதை சொல்கிறேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள். இப்போது இல்லை. வாலாந்தரவை வரைக்கும் சிரிப்பு வராது, உச்சிப்புளியில் லேசாக எட்டிப் பார்க்கும், மண்டபத்தில் நீங்கள் இறங்குவதற்குள் முழுதாக வந்துவிடும். மண்டபம் என்று எனக்கு எப்படித் தெரியுமா? கண்டக்டரிடம் டிக்கெட் கேட்டீர்களே. எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் ஒரு ஆள் ஜெயிலுக்குப் போகிற மாதிரி இருக்கிறது. ஒன்றும் செய்யாத ஆள். அதனால் நான் கொஞ்சம் வேகமாகச் சொல்ல வேண்டும். ஆனால் வேகமாகச் சொன்னால் சிரிப்பு கெட்டுவிடும். அதுதான் சிக்கல்.

"உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத, உள்ள என்ன புலியா உக்காந்துருக்கு?"

திரும்பிப் பார்க்காதீர்கள், கண்டக்டர் முன்னால் நிற்கிறார். அது நான்தான். பார்த்தீர்களா, டிரைவர்கூடக் கண்ணாடியில் பார்க்கிறார். குரல் எடுப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்து வரும். ஆண் குரலுக்குத் தொண்டையை அழுத்துவார்கள் எல்லோரும், அது தப்பு. மூச்சைக் குறைக்க வேண்டும். ஆம்பிளைகள் பாதி வாக்கியத்தில் மூச்சை விட்டுவிட்டு மீதியை நாம் புரிந்துகொள்ள வேண்டும் என்று நினைப்பார்கள்.

என் பெயரா? ஸ்டெனிலா. பிளஸ் டூ முடித்துவிட்டேன். காலேஜில் இடம் கிடைத்தது, சேரவில்லை. அப்பா வந்ததும் சேர்க்கலாம் என்று அம்மா சொல்லியிருக்கிறார். அப்பா அக்கரையில் இருக்கிறார். இலங்கையில்தான். வேலையா? வேலை மாதிரிதான் அக்கா. காலையில் எழுப்பி, வரிசையில் நிறுத்தி, தலையை எண்ணிப் பார்த்துத்தான் சோறு போடுகிறார்களாம். சரி, கதைக்கு வருகிறேன்.

தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு பிள்ளை, என் வயதுதான், என்னைப் போலவே குரல் எடுப்பாள். அந்த ஊரிலிருந்து அக்கரைக்குப் பீடி இலை போகும். போகக் கூடாது, ஆனால் போகும். இதை ஆராய்ச்சி செய்ய வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு சார் வந்தார். வந்தார் என்றால் வரவில்லை, போனில் வந்தார். அவர் தலைப்பு என்ன தெரியுமா? எல்லை கடந்த குற்றம், வன்முறை, சமூக ஏற்றத்தாழ்வு. மூன்றும் ஒரே ஊரில் கிடைக்கும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

என்ன அக்கா, நீங்களும் ஆராய்ச்சிதானா? அடடா. நல்லதாகப் போயிற்று. சாதாரண ஆட்களிடம் சொன்னால் இந்தச் சிரிப்பு பாதிதான் புரியும். உங்களுடையது எதைப் பற்றி? கடல் அட்டையா? அப்படியானால் வேறு. இது பீடி இலை. அட்டை இங்கே பிடித்தால் கேஸ், அக்கரையில் லைசென்ஸ் வாங்கினால் தொழில். எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கடலுக்குள் அட்டை எந்தப் பக்கம் போய்ப் படுக்கிறதோ, அதைப் பொறுத்து நாம் திருடன் அல்லது முதலாளி. எழுதிக்கொள்கிறீர்களா? எழுதுங்கள், எழுதுங்கள்.

அந்த சாருக்கு ஊரில் ஒரு உதவியாளர் தேவைப்பட்டார். பேசக்கூடிய ஆட்களைப் பிடித்து, போனைக் கையில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அந்தப் பிள்ளையின் பெரியம்மா மகள் எம்.எஸ்.டபிள்யூ. படித்தவள், அவள்தான் ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்ட மூன்றாவது வாரம் கல்யாணம் ஆகி மஸ்கட் போய்விட்டாள். போகும்போது சிம் கார்டைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு, "அந்த சார் கூப்பிட்டா நான் இல்லன்னு சொல்லிரு"ன்னாள். சார் கூப்பிட்டார். தங்கச்சி எடுத்தாள். "சொல்லுங்க சார், நான்தான் பேசுறேன்" என்று வந்துவிட்டது. வாயிலிருந்து தானாக வந்தது அக்கா. அவளுடைய கெமிஸ்ட்ரி மிஸ் குரல். ஒவ்வொரு வார்த்தைக்கும் இஸ்திரி போட்ட குரல்.

முதலில் நிஜமாகவே ஆள் தேடினாள், அதையும் சொல்ல வேண்டும். மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில், ஆம்பிளைகள் எல்லாம் வீட்டில். மூன்று பேரிடம் கேட்டாள். ஒருத்தர் எழுந்து போனார். ஒருத்தர், "உன் அப்பன் உள்ள கெடக்கது போதாதா, எங்களையும் அனுப்பணுமா"ன்னார். மூன்றாவது ஆள் கதவைச் சாத்தினார். அன்று சாயங்காலம் சார் கூப்பிட்டு, "முதல் தகவலாளர் தயாரா?" என்று கேட்டார். தயார் என்றாள். போன் மேல் ஒரு துண்டைப் போட்டாள், கடல்காற்றுச் சத்தத்துக்கு மின்விசிறியை மூன்றில் வைத்தாள், பேசினாள்.

"ஆமா சார், நம்ம வள்ளந்தான். இலை இருவது மூட்டை ஏறும். காத்து தெக்கால திரும்புனா போவோம், இல்லன்னா போமாட்டோம். எழுதிக்கிருங்க."

இப்படிப் பத்து பேர். படகு ஓட்டுகிறவர், மூட்டை தூக்குகிறவர், ஐஸ் கம்பெனிக் கணக்கப்பிள்ளை, வலை பின்னுகிறவர், டீக்கடைக்காரர், எல்லாரும் அவளே. சார் யார் பெயரையும் கேட்க மாட்டார். கேட்கவே கூடாதாம், அதுதான் ஆராய்ச்சி ஒழுக்கம். தகவலாளர் ஒன்று, தகவலாளர் இரண்டு, அவ்வளவுதான். முகம் கிடையாது, பெயர் கிடையாது. மிமிக்ரி செய்கிறவளுக்கு இதைவிட நல்ல மேடை யார் கொடுப்பார்கள்?

சிரிக்கிறீர்களே! இன்னும் வாலாந்தரவையே வரவில்லை. பொறுங்கள்.

எட்டாவது ஆள் பேசி முடித்ததும் சாருக்கு ஒரே சந்தோஷம். "எட்டு பேரும் ஒன்றுக்கொன்று முரணில்லாமல் பேசுகிறார்கள். புதிதாக ஒன்றும் வரவில்லை. தரவு நிறைவு வந்துவிட்டது" என்றார். அப்படியென்றால் என்ன அக்கா? ம்ம். போதுமான ஆட்களிடம் கேட்டாயிற்று, இனி யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள் என்று அர்த்தமா? சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். பத்து இல்லை, ஆயிரம் பேரைக் கேட்டிருந்தாலும் அவள் அதையேதான் சொல்லியிருப்பாள்.

என்ன சொன்னீர்கள்? அந்த சார் முட்டாளா? ஐயோ, நான் அப்படிச் சொல்லவில்லை, நீங்கள்தான் சொல்கிறீர்கள். குரலை வைத்தே கண்டுபிடித்திருப்பீர்களா நீங்கள்? ஒரே தகவலை மூன்று வழியில் சரிபார்ப்பீர்களா? இருக்கும் அக்கா, இருக்கும். எல்லாரும் உங்களைப் போல இருப்பார்களா.

வாலாந்தரவை வந்துவிட்டது. காலை நகர்த்திக்கொள்ளுங்கள், அந்த அம்மா கூடையை வைக்கட்டும்.

சாருக்கு ஒரு குறை இருந்தது. படகுக்கும் கரைக்கும் இடையில் ரகசிய சைகை ஏதாவது உண்டா என்று எல்லாரிடமும் கேட்பார். உண்டு என்று சொல்லாவிட்டால் மனிதர் ஏங்கிப்போவார். அந்த நேரம் பார்த்து எதிர் வீட்டில் துணி காயப்போட்டிருந்தார்கள். "கொடியில ஒரு செவப்புத் துண்டு, பக்கத்துல ரெண்டு கைலி கெடந்தா வரலாம்னு அர்த்தம் சார். நடுவுல பாவாட தொங்குனா ரோந்து வருதுன்னு அர்த்தம்." அப்படியே சொல்லிவிட்டாள். அடுத்து நான்கு பேர் அதையே சொன்னார்கள், சொல்லாமல் இருப்பார்களா? சார் அதற்கென்றே தனி அத்தியாயம் எழுதினார்.

ஏன் அக்கா நோட்டை எடுக்கிறீர்கள்? உங்கள் ஊரிலும் கொடித்துணியா? மஞ்சள் பாவாடையா? அட. இவர்கள் ஊரில் பாவாடைக்கு நிறம் கிடையாது. என்ன எழுதினீர்கள், நான் படிக்கலாமா? 'இரண்டு மாவட்டங்களிலும் ஒரே உத்தி.' ம்ம். நல்ல கையெழுத்து அக்கா உங்களுக்கு.

நாலாவது ஆள் ஒரு பெண். அதற்கு அவள் ரொம்ப யோசிக்கவில்லை, வீட்டில் பக்கத்திலேயே ஒரு குரல் இருந்தது, எடுத்துக்கொண்டாள்.

"புடிபடுறது சாக்குத் தூக்குறவன் மட்டுந்தான் சார். சாக்கு யாருதுன்னு ஒரு ஆளும் கேக்கல. மாசத்துல ஒருக்கா பேச விடுறாங்க, மூணு நிமிசம். அதுல ரெண்டு நிமிசம் அவரு சாப்ட்டியா சாப்ட்டியாம்பாரு, நான் சாப்ட்டேன் சாப்ட்டேம்பேன். அவருக்கும் தெரியும் பொய்யின்னு. மீதி ஒரு நிமிசம் சும்மா மூச்சு விடுவோம்."

சார் அழுதுவிட்டார் அக்கா. மூக்கை உறிஞ்சுவது போனில் கேட்டது. இந்தப் பிள்ளைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, துண்டை வாயில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தாள். துண்டு நனைந்துவிட்டது, அவ்வளவு சிரிப்பு.

நீங்களும் ஒருமுறை அழுதீர்களா? யாரிடம் பேசும்போது? சரி, சொல்லக் கூடாது, ரகசியம். எந்த ஊர் என்றாவது சொல்லுங்கள். அலைவாய்நகரா? ராம்நாட்டில் அப்படி ஓர் ஊர் இல்லையே. ஓ, நீங்கள் மாற்றி வைத்த பெயரா. அப்படி மாற்றலாமா? மாற்றித்தான் ஆக வேண்டுமா? நல்ல வழக்கமாக இருக்கிறதே.

இப்போது ஏழாவது ஆள். ஜெயிலுக்குப் போகப்போகிறவர் இவர்தான், கவனமாகக் கேளுங்கள்.

சாருக்கு ஒரு தலைவன் வேண்டும். ஆறு பேர் பேசியாயிற்று, மேலே யார், மேலே யார் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். மேலே யார் என்று அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். நான்கு மாடி, வாசலில் இரண்டு கார், கோயில் கொடிமரத்தில் பெயர். அவர் குரலை எடுப்பது சுலபம், மெதுவாகப் பேசுவார், கோபமே படமாட்டார். எடுக்கலாம் என்று வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. துண்டு போட்டும் வரவில்லை. அறைக்கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள், அப்போதும் வரவில்லை.

அதனால் ததேயு மாமா குரலை எடுத்தாள்.

ததேயு மாமா வலை பின்னுகிறவர். விசைப்படகில் வலை இழுக்கிற வின்ச் கயிறு சுற்றி வலது கால் போய்விட்டது, போய்விட்டது என்றால் இருக்கிறது, சாய்ந்து இருக்கிறது. பேசுவதற்கு முன்னால் மூன்று தரம் இருமுவார். அவர் மேல் அவளுக்குக் கோபம். மாதா கோயில் திருவிழாவில் அவர் நடையையும் இருமலையும் மேடையில் செய்து காட்டினாள், ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. மறுநாள் மாமா சாமியாரிடம் போய், "சாமி, அந்தப் பிள்ளைய இனி மேடையேத்தாதீங்க"ன்னார். ஏற்றவில்லை. ஒரு மனிதர் தன் நடையைத் தனக்கு மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறார்? நீங்களே சொல்லுங்கள்.

அதனால் அவரைத் தலைவனாக்கிவிட்டாள். பெயர் சொல்லவில்லை. ஆனால் சார் தோண்டித் தோண்டிக் கேட்டார். வயது? "அம்பத்தெட்டு." வேலை? "பாக்குறவங்களுக்கு வலதான் பின்னுறேன்." காலில் என்ன? "அது பழைய சங்கதி சார்." சார் எல்லாவற்றையும் எழுதினார். பெயரை மட்டும் எழுதவில்லை. அந்த ஊரில் வலது கால் சாய்ந்த, வலை பின்னுகிற, ஐம்பத்தெட்டு வயது ஆள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள் அக்கா?

அதைவிட இன்னொன்று. சார் முடிவுரை எழுதினார். 'இந்த வலைப்பின்னலுக்கு மேல்தட்டு என்று ஒன்று இல்லை. அடித்தட்டு மக்களே இதை நடத்துகிறார்கள்.' நான்கு மாடிக்காரர் படித்திருந்தால் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்.

எழுதி முடித்ததும் ரெஜினா போனுக்கு அனுப்பினார். ரெஜினா யாரா? அந்த எம்.எஸ்.டபிள்யூ. அக்கா. அந்த மாதிரி ஏதோ ஒரு பெயர், விடுங்கள். 'பேசியவர்களிடம் இதை வாசித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டுச் சொல்லுங்கள்' என்று கூடவே ஒரு குறிப்பு. அந்தப் பிள்ளை மதியம் கதவைச் சாத்திக்கொண்டு பத்து பேருக்கும் வாசித்துக் காட்டினாள். பத்து பேரும் ஒத்துக்கொண்டார்கள். டீக்கடைக்காரர் மட்டும் ஒரு காற்புள்ளி வைக்கச் சொன்னார்.

சிரியுங்கள், சிரியுங்கள். உச்சிப்புளி வந்துவிட்டது, இப்போது சிரிக்கலாம் என்று நானே சொல்லியிருந்தேன்.

போன வாரம் மஃப்டியில் இரண்டு பேர், கடற்கரையோரம் ஒவ்வொரு ஊராகக் கேட்டுக்கொண்டே, அந்த ஊருக்கும் வந்து டீ குடித்தார்கள். "இங்க காலு சாச்சு நடக்குறவரு யாருங்க?" என்று சாதாரணமாகக் கேட்டார்கள். சார் ஒரு கூட்டத்தில் பேசப்போகிறார், அதிகாரிகள் எல்லாம் வருகிறார்கள், அழைப்போடு கட்டுரைச் சுருக்கம் போயிருக்கிறது. சுருக்கத்தில் ஏழாவது ஆள் இருக்கிறார். டீக்கடைக்காரர், நிஜ டீக்கடைக்காரர், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எத்தனை நாளைக்குச் சொல்லாமல் இருப்பார்? அந்த நேரம் ததேயு மாமாவே நடந்து வந்தாலும் வந்துவிடுவார், அவருக்கு டீ குடிக்கிற பழக்கம் உண்டு.

மறுநாள் அந்தப் பிள்ளை சாருக்குப் போன் போட்டாள். கெமிஸ்ட்ரி மிஸ் குரலில், "எல்லாம் பொய் சார், பத்து பேரும் நான்தான், ஏழாவது ஆளை எடுத்துருங்க" என்றாள். உண்மையைத்தான் சொன்னாள் அக்கா. வாழ்க்கையில் முதல்முறை.

சார் என்ன சொன்னார் தெரியுமா? தாழ்ந்த குரலில், "யார் உங்களை மிரட்டினார்கள்?" என்றார். "யாரும் இல்லை சார்." "பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா? ஆமாம் என்றால் இருமுங்கள்." அந்த நேரம் பார்த்து இருமல் வந்து தொலைந்தது. "பயப்படாதீர்கள். வன்முறை நிலவும் இடங்களில் தகவலாளர்கள் இப்படித்தான் பின்வாங்குவார்கள். இதைப் பற்றியே ஒரு அத்தியாயம் வைத்திருக்கிறேன், நீங்கள் இப்போது சொன்னதையும் அதில் சேர்த்துக்கொள்கிறேன்" என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டதே. ஏன்? இப்போதுதானே நல்ல இடம்.

உங்களுக்கும் அப்படி ஒரு போன் வந்ததா? போன வாரமா? ம்ம். உங்கள் உதவியாளர் ரொம்ப நேர்மையான பெண்ணா? குரலிலேயே தெரியுமா? இருக்கும்.

தண்ணீர் குடியுங்கள் அக்கா. மண்டபம் முகாம் தாண்டப்போகிறது, எனக்கு நேரம் குறைவு. நீங்கள் ஊர்ப்பெயரை மாற்றி எழுதுவீர்கள் என்று சொன்னீர்களே, அதே மாதிரி நானும் கொஞ்சம் மாற்றிச் சொன்னேன். ஒவ்வொன்றாகத் திருத்திவிடுகிறேன், நோட்டில் அடித்து எழுதிக்கொள்ளுங்கள். தூத்துக்குடி இல்லை, பாம்பன் பக்கம். பீடி இலை இல்லை. பாவாடைக்கு நிறம் உண்டு. சார் இல்லை. கூட்டம் நாளைக்குக் காலையில் பத்து மணிக்கு. நான் இந்த பஸ்ஸில் தற்செயலாக ஏறவில்லை, பதினோரு மணி பஸ்ஸில் வருகிறேன் என்று ரெஜினாவுக்கு உங்கள் மெசேஜ் வந்தது. இந்த இருக்கையில் ஒரு அண்ணன் உட்கார்ந்திருந்தார், கண்டக்டர் குரலில் அதட்டி எழுப்பிவிட்டேன்.

இல்லை அக்கா, என்னை யாரும் அனுப்பவில்லை. மிரட்டவும் இல்லை. பாருங்கள், மறுபடியும் அங்கேயே போகிறீர்கள். ரெஜினாவைக் கூப்பிடப் போகிறீர்களா? கூப்பிடுங்கள். வேண்டாம், போனை வையுங்கள், நானே பேசுகிறேன். "மேம், தகவலாளர்களிடம் வாசித்துக் காட்டிவிட்டேன், அனைவரும் சம்மதித்தார்கள்." இஸ்திரி போட்ட மாதிரி இருக்கிறதா?

இன்னும் நம்பவில்லையா. யாரோ பதிவைத் திருடி எனக்குக் கொடுத்துப் பழக்கியிருக்கிறார்களா? உங்களைப் படிக்க வைத்தவர்கள் ரொம்பக் கெட்டிக்காரர்கள் அக்கா, எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

சரி. ஒரு குரல் பாக்கி இருக்கிறது. பத்து பேருக்கும் முன்னால் பத்து முறை கேட்ட குரல். அதை நான் யாரிடமும் செய்து காட்டியதில்லை. கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், உங்கள் கண்ணைப் பார்த்தால் வராது.

"வணக்கம். நான் நிவேதனா. ம்ம், ரைட். உங்கள் பெயர் எங்கேயும் வராது. பதில் சொல்ல விருப்பம் இல்லாத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம். இந்த ஆய்விலிருந்து எப்போது வேண்டுமானாலும் நீங்கள் விலகிக்கொள்ளலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. விலகினால் நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் அழித்துவிடுவேன். இது என் வாக்கு. ம்ம், ரைட். ஆரம்பிக்கலாமா?"

எழுந்திருக்காதீர்கள், பஸ் ஆடுகிறது. இப்போது அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். நான் மூன்று தரம் இருமுகிறேன்.

"யம்மா, நாந்தான் ஏழாவது ஆளு. நான் வெலகிக்கிறேன். காரணம் சொல்லத் தேவையில்லன்னு நீங்கதான் சொன்னீக."

மண்டபம் வந்துவிட்டது அக்கா. பையை எடுங்கள், கண்டக்டர் விசில் ஊதுகிறார். ஏன் அப்படியே உட்கார்ந்திருக்கிறீர்கள்? "எறங்குறவங்க எறங்குங்க!" அது நான் இல்லை, நிஜமாகவே அவர்தான். ஏன் என் கையைப் பிடிக்கிறீர்கள்? என்ன? சத்தமாகச் சொல்லுங்கள், ஹாரன் சத்தத்தில் கேட்கவில்லை.

உங்களை அழவைத்த அந்த நாலாவது ஆளும் நான்தானா என்றா?